சுண்டெலியின் மூன்று தடுப்பு ஜீன்கள்: எது கெட்டி?

ஒரே வைரஸைச் செலுத்தினாலும் ஒரு சுண்டெலிக்குப் புற்று வருகிறது, பக்கத்துக் கூண்டில் இருப்பதற்கு வருவதில்லை, அது எப்படி சார்? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கும்போது வந்த நல்ல கேள்வி இது. (செம்பனைக் குலையைக் கடிக்கும் தோட்டத்து எலி வேறு இனம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.)

1957இல் சார்லட் ஃபிரண்ட் விவரித்த வைரஸையே எடுத்துக்கொள்வோம். மண்ணீரலை வீங்க வைத்து ரத்தப்புற்றில் கொண்டுபோய் விடுவது. இதை எதிர்க்கும் ஜீன்களில் எஃப்வி-1, எஃப்வி-2, எஃப்வி-4 மூன்றும் முக்கியமானவை (எஃப்வி என்பது ஃபிரண்ட் வைரஸின் சுருக்கம்).

எஃப்வி-2 எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை. வைரஸ் உள்ளே வரும், பெருகவும் செய்யும். ஆனால் ரத்தச் சிவப்பணுக்களின் தாய்ச் செல்களை வெறிகொண்டு பெருக வைக்க அதற்குத் தேவையான ஒரு குட்டைப் புரதம் எதிர்ப்புள்ள எலியிடம் இல்லை. அதுவும் தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் அந்த ஜீன் வந்தால்தான் பலன்.

எஃப்வி-1 அப்படியில்லை, ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும். வைரஸ் செல்லுக்குள் நுழைந்த பிறகு, எலியின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்வதற்கு முன், அதன் உள்ளுறையை, அதாவது வைரஸின் மரபுப்பொருளைப் பொதிந்திருக்கும் புரத ஓட்டை, பிடித்து மடக்குகிறது. 1996இல் ஜீனைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், அதுவே எப்போதோ எலியின் மரபணுத் தொகுதிக்குள் புகுந்து தங்கிவிட்ட பழைய ரெட்ரோவைரஸின் (தன் மரபுச் செய்தியைச் செல்லின் டிஎன்ஏவில் செருகும் வைரஸ் வகை) துண்டு! இதில் 'என்', 'பி' என்று இரண்டு வகை உண்டு; 'என்' எலியில் வளர்வது என்-வைரஸ், 'பி' எலியில் வளர்வது பி-வைரஸ்: 'என்' உள்ள எலி பி-வைரஸைத் தடுக்கும், 'பி' உள்ளது என்-வைரஸைத் தடுக்கும், இரண்டும் கலந்த குட்டி இரண்டையுமே தடுக்கும். சரி, ஓட்டை எங்கே? வைரஸ் எண்ணிக்கை மிக அதிகமானால் தடுப்பு திணறிவிடும். உள்ளுறையில் 110ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினாலே வைரஸின் வகை மாறிவிடும். அப்புறம் 'என்பி' என்ற வைரஸ் வகை இரண்டு தடுப்பையும் தாண்டிப் போய்விடும்.

ஆசியாவின் காட்டுச் சுண்டெலிகளில் காணப்படும் எஃப்வி-4 வாசலிலேயே வேலையை முடித்துவிடுகிறது. இதுவும் பழைய வைரஸின் மிச்சம்தான். இது தயாரிக்கும் வெளியுறைப் புரதம், வைரஸ் பற்றிக்கொண்டு நுழையும் ஏற்பியைப் பூட்டுக்குள் ஒடிந்த சாவி மாதிரி அடைத்துக்கொள்ளும். 'என்பி' வகையும் அதே வாசலைத்தான் நம்பியிருப்பதால் அதுவும் உள்ளே வர முடியாது. வேறு ஏற்பி வழியாக வரும் வைரஸை மட்டும் இதால் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபிரண்ட் வைரஸுக்கு எதிராக ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் என் ஓட்டு எஃப்வி-4க்கே. ஆனால் பிள்ளைகள் கூடுதல் நேரம் கொடுத்துப் படிக்க வேண்டியது எஃப்வி-1ஐ. ஏனென்றால் ரீசஸ் குரங்கில் எச்ஐவியை மடக்கும் டிரிம்-5 ஆல்ஃபா என்ற புரதமும் இதே உள்ளுறையைத்தான் குறிவைக்கிறது, மனிதரின் டிரிம்-5 ஆல்ஃபா எலியின் என்-வைரஸையே தடுத்துவிடுகிறது.