சேலத்துல அப்பா டயாலிசிஸ் போற சென்டர் பத்தி

ஒன்றரை வருஷமா அப்பாவ வாரம் 3 தடவ கூட்டிட்டுப் போறேன், காலைல 6 மணி ஷிப்ட், தடவைக்கு 4 மணி நேரம். சென்டர் பேரு போடல, ஆனா எடம் தேடுறவங்க எத பாக்கணும்னு இதுல தெரியும்.

மெஷின் புதுசா பழசான்னு பாக்குறத விட ஊசி போடுறவங்க யாருன்னு பாருங்க. அப்பாவுக்கு இடது கைல பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரெண்டு ரத்தக்குழாய சேத்து பண்ற ஆபரேஷன்) பண்ணி அது ரெடியாக ரெண்டு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் கழுத்துல டியூப்போட தான் இருந்தாரு, அந்தக் கை பிஸ்டுலா போச்சுன்னா திரும்பவும் டியூப் தான். இங்க இருக்க சீனியர் அக்கா ஒவ்வொரு தடவையும் அது மேல கைய வச்சு ரத்தம் ஓடுற அதிர்வு இருக்கான்னு பாத்துட்டு தான் ஊசிய எடுப்பாங்க, போன தடவ குத்துன எடத்துல குத்த மாட்டாங்க. புதுசா வந்த தம்பி ஒருத்தர் ஒருநாள் அதே கைல பிபி பாக்க பட்டி சுத்தப் போனாரு, அக்கா ஓடி வந்து நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் பத்தாது.

எடையும் ஒழுங்கா பாப்பாங்க. டிரை வெயிட்டுக்கு (ஒடம்புல அதிகப்படி தண்ணி இல்லாதப்ப இருக்க எடை) மேல எவ்ளோ ஏறிருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி தான் தண்ணி எடுக்குறாங்க. முன்னாடி போன எடத்துல ஒரேடியா எடுத்து கால் நரம்பு இழுத்து அப்பா கத்துனது இன்னும் என் காதுலயே இருக்கு.

டயட் சொல்ற மேடம் பொறுமையா பேசுவாங்க, காய நறுக்கி நிறைய தண்ணில வேக வச்சு அந்தத் தண்ணிய கொட்டிடணும், எளநீர் தொடவே கூடாது, எல்லாம் ஒடம்புல பொட்டாசியம் ஏறிடக் கூடாதுன்னு தான். சேலத்துல மாம்பழ சீசன்ல மார்க்கெட் பக்கம் அப்பாவ கூட்டிட்டுப் போறதையே விட்டுட்டோம், பாக்க கஷ்டமா இருக்கு.

முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுத்துக்கறாங்க, ரத்தம் ஏற போடுற ஊசிக்கு மட்டும் நாங்க தனியா கட்டுறோம்.

ஒரே ஒரு வருத்தம், ரொம்பப் பெரிய வருத்தம். வயித்துல டியூப் வச்சு வீட்லயே டயாலிசிஸ் பண்ற சிஏபிடின்னு ஒன்னு இருக்குன்னு இத்தன மாசத்துல ஒருத்தரும் சொல்லல. அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அதுக்கான மருந்துத் தண்ணி பை வீட்டுக்கே வருதுன்னு பக்கத்து பெட்டுக்காரர் சொல்லி தான் தெரியும். மாற்று கிட்னிக்கு டிரான்ஸ்டான்ல (இறந்தவங்க தானம் பண்ற உறுப்ப பிரிச்சுக் குடுக்குற தமிழ்நாடு அரசு அமைப்பு) பேர் பதியணும், அது ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரி வழியா தான் முடியும்னும் அவரே தான் சொன்னாரு. மொத நாளே சொல்லிருந்தா ஒன்றரை வருஷம் முன்னாடியே பதிஞ்சிருப்போம். போன வாரம் தான் பதிஞ்சோம். நீங்க சேந்த அன்னிக்கே டாக்டர்ட்ட இந்த ரெண்டையும் கேட்ருங்க.

காலைல ஷிப்ட்டுக்குப் போறவங்க போர்வை எடுத்துட்டுப் போங்க, ஏசி ரொம்ப குளுரும்.