ஸ்டாட்1, ஸ்டாட்3: ஒரே வாய்ப்புண், எதிரெதிர்க் கோளாறு

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பி ஒட்டினாற்போல வெள்ளைப் படலம். துணியால் வழித்தால் வந்துவிடும், அடியில் சிவந்து கிடக்கும். கேண்டிடா பூஞ்சை. கைக்குழந்தைக்கு வந்தால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை, மருந்து தடவினால் போய்விடும். எட்டு வயதிலும் மருந்தை நிறுத்தியதுமே திரும்பத் திரும்ப வந்தால் யோசிக்க வேண்டும். எச்ஐவி இல்லை, சர்க்கரை இல்லை, ஸ்டீராய்டு இல்லை என்றானபின் மரபணுவைப் பார்த்தால், சில பிள்ளைகளுக்கு ஸ்டாட்1 என்ற புரதம் அளவுக்கு மீறி வேலை செய்வது தெரியும். வேறு சில பிள்ளைகளுக்கு ஸ்டாட்3 சரியாக வேலை செய்யாதது தெரியும். ஒன்று கூடினாலும் மற்றது குறைந்தாலும் வாயில் வருவது அதே பூஞ்சைதான்.

ஸ்டாட்1 நல்லவன், ஸ்டாட்3 கெட்டவன் என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். முன்னது வைரஸை எதிர்க்கும், பின்னது புற்றுநோய் செல்லை ஊட்டி வளர்க்கும். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். ஆனால் இருவரும் பங்காளிகள். ஒருவர் வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் மற்றவர் வீட்டுக் கணக்கு புரியாது.

மொத்தம் ஏழு ஸ்டாட் புரதங்கள் உண்டு. வைரஸ் வந்ததை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் கொண்டுவரும் சேதி செல்லின் வெளிச்சுவரிலிருந்து மரபணுவரை எப்படிப் போகிறது என்று தேடிய நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டார்னெல் குழு 1990களின் தொடக்கத்தில் முதல் இரண்டைப் பிடித்தது. ஸ்டாட்3 1994இல் வந்தது. ஐஎல்-6 என்ற அழற்சிச் சேதிப் புரதம் தூண்டும்போது கல்லீரலில் வேலை செய்யும் புரதம் எது என்று தேடிய ஜப்பானியக் குழுவும் அதையே வந்தடைந்தது.

வேலை செய்யும் விதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. செல்லுக்குள் சும்மா கிடக்கும். வெளியே சைட்டோகைன் (இன்டர்ஃபெரான், ஐஎல்-6 போன்ற சேதிப் புரதம்) வந்து ஏற்பியில் ஒட்டியதும் ஜாக் என்ற நொதி டைரோசின் என்ற ஒரு அமினோ அமிலத்தின் மீது பாஸ்பேட்டை மாட்டும். ஸ்டாட்1இல் அது 701ஆம் இடம், ஸ்டாட்3இல் 705. மாட்டியதும் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் உட்காரும். செல்கள் மீது இன்டர்ஃபெரான் காமாவை ஊற்றி அரை மணி நேரத்தில் எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டினால், அதுவரை வெறுமையாக இருந்த இடத்தில் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்1 கறுப்புக் கோடாக நிற்கும். ஆல்ஃபா, பீட்டா என்று அதற்கு இரண்டு வடிவம் இருப்பதால் நெருக்கமாக இரண்டு கோடு. முதல் தடவை பார்க்கிறவர்கள் ஜெல் சரியாக ஓடவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

வித்தியாசம் யார் கூப்பிட்டால் யார் ஓடுவது என்பதில். இன்டர்ஃபெரானுக்கு ஸ்டாட்1, ஐஎல்-6க்கும் ஐஎல்-10க்கும் ஸ்டாட்3. இதுவும் கெட்டியான எல்லை அல்ல. ஸ்டாட்3 இல்லாத செல்லுக்கு ஐஎல்-6 கொடுத்துப் பார்த்தார்கள். அது ஸ்டாட்1ஐ நெடுநேரம் கிளப்பிவிட்டு, இன்டர்ஃபெரான் காமா கொடுத்ததுபோல நடந்துகொண்டது. பங்காளி வீடு பூட்டிக்கிடந்தால் தபாலை அடுத்த வீட்டுக்காரர் வாங்கிப் பிரித்த கதை.

வாய்ப்புண்ணின் விடையும் இங்கேதான். பூஞ்சையை வாயில் அடக்கிவைப்பது ஐஎல்-17 என்ற சேதிப் புரதத்தைச் சுரக்கும் டிஎச்17 செல்கள், ஒருவகை வெள்ளையணுக்கள். அவை உருவாக ஸ்டாட்3 வேண்டும். ஸ்டாட்1 வழியாக வரும் சேதி அவை உருவாவதைத் தடுக்கும். 2007இல் ஸ்டாட்3 குறைபாடும் 2011இல் ஸ்டாட்1 மிகைச்செயலும் தெரியவந்தபோது, இரண்டு வகை நோயாளிகளிடமும் டிஎச்17 செல்கள் குறைவாகவே இருந்தன.

எது இல்லாமல் காலம் தள்ளலாம்? எலி சொல்லும் பதில் ஸ்டாட்1. அது இல்லாத எலி பிறக்கும், வளரும், ஆனால் வைரஸ் வந்தால் தாங்காது. ஸ்டாட்3 அறவே இல்லாத எலி கருவிலேயே முதல் சில நாட்களில் அழிந்துவிடும்.

மனிதரில் ஸ்டாட்3 நோய் பெரும்பாலும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் கெடுவதால் வருகிறது. இன்னொரு பிரதி நன்றாக இருக்க ஏன் நோய்? ஜோடி சேர்ந்துதானே வேலை. பாதி கெட்ட புரதம் என்றால் நாலு ஜோடியில் ஒன்றில்தான் இரண்டும் நல்லவை. இதே கணக்கு ஸ்டாட்1இல் இன்னும் நுட்பமாக வருகிறது. அதன் ஒரு பிரதி கெட்ட சிலருக்குக் காசநோய் வகைக் கிருமிகள் மட்டும் தொல்லை தரும். பிறந்ததும் தோளில் போடும் பிசிஜி ஊசிக் கிருமிகூடப் பரவலாம். வைரஸோ அவர்களைப் பெரிதாகப் படுத்துவதில்லை. காரணம், காசநோய் வகைக் கிருமிகளை எதிர்க்கும் காமா இன்டர்ஃபெரானுக்கு இரண்டு ஸ்டாட்1 சேர்ந்த ஜோடி வேண்டும். வைரஸை எதிர்க்கும் கூட்டணியில் ஒரு ஸ்டாட்1தான், அதற்குத் துணை ஸ்டாட்2. இரண்டு பிரதியும் போனால் வைரஸும் விடாது. இந்த ஆராய்ச்சிகளில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

ஸ்டாட்3 குறைபாட்டால் வரும் நோய்க்கு, காரணம் தெரியாத 1966இலேயே யோபுவின் பெயரை வைத்துவிட்டார்கள், விவிலியத்தில் உடம்பெல்லாம் பருக்களோடு உட்கார்ந்திருந்தவர். இந்தப் பிள்ளைகளின் சீழ்க்கட்டி வினோதமானது. தொட்டால் சூடில்லை, சிவப்பில்லை, வலியும் அதிகமில்லை. கீறினால் சீழ் மட்டும் கொட்டும். ஐஎல்-6இன் கூக்குரல் போய்ச் சேரவில்லை, உடம்புக்குச் சண்டை நடப்பதே தெரியவில்லை. அழற்சி என்றாலே ஸ்டாட்3ஐத் திட்டுகிறவர்கள் இந்தக் கட்டியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

புற்றுநோய்க் கணக்கிலும் கறுப்பு வெள்ளை இல்லை. பல கட்டிகளில் ஸ்டாட்3 ஓயாமல் எரிவது உண்மைதான். ஆனால் நோயெதிர்ப்புச் செல்களிடமிருந்து தப்பப் புற்றுச் செல் முகமூடியாகப் போட்டுக்கொள்ளும் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தூண்டுவதில் இன்டர்ஃபெரானுக்கும் ஸ்டாட்1க்கும் பங்குண்டு.

சிகிச்சை என்று வந்தால் இரண்டும் சமமில்லை. கூடிப்போனதைக் குறைக்கலாம்: ஜாக் நொதியை அடக்கும் ருக்சோலிட்டினிப் மாத்திரையில் ஸ்டாட்1 மிகைச்செயல் உள்ள சிலருக்குப் பல ஆண்டுப் பூஞ்சை அடங்கியிருக்கிறது. நிறுத்தியதும் திரும்பியதும் உண்டு, அக்கி போன்ற தொற்றுக்கும் கண்காணிக்க வேண்டும். ஸ்டாட்3 குறைந்தவருக்கு அதை ஊற்றித் தர மருந்து கிடையாது. தொடர்ந்து ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று. ஒரே வாய்ப்புண்தானே என்று அவருக்கு ஜாக் தடுப்பானைக் கொடுத்தால் மிச்சமிருக்கும் ஸ்டாட்3ஐயும் அடக்கியதாகிவிடும்.

மரபணு அறிக்கை வர வாரக்கணக்காகும். அதற்குள் ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்) மில்லிலிட்டருக்கு 2,000 யூனிட்டைத் தாண்டுகிறதா, கட்டி வந்ததா, சின்ன அடிக்கே எலும்பு முறிந்ததா என்று கேட்கலாம். பூஞ்சையைப் பார்க்கத் திறந்த வாயிலேயே பல்லையும் பார்த்துவிடலாம். பால் பல் விழாமல் நிற்க, பின்னாலேயே நிரந்தரப் பல் முளைத்து இரட்டை வரிசையாகத் தெரிந்தால், என் சந்தேகம் ஸ்டாட்3 பக்கம்தான் போகும்.