அடெல்ஃபி ஹை-ஃபை கடைகள்: வால்யூம் குமிழ் யார் கையில்?

சிங்கப்பூரில் ஹை-ஃபை பித்துப் பிடித்தவர்களிடம் அடெல்ஃபி என்று சொன்னால் போதும், விலாசம் தேவையில்லை. கோல்மன் ஸ்ட்ரீட்டில், சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பக்கத்தில் இருந்த பழைய உச்ச நீதிமன்றம் 2015-இல் நேஷனல் கேலரியாகிவிட்டது. அடெல்ஃபியில் மட்டும் இன்னும் வழக்கறிஞர் அலுவலகங்களும் ஸ்பீக்கர் கடைகளும் ஒரே கட்டடத்தில் குடித்தனம் நடத்துகின்றன. கோப்புக் கட்டோடு ஒருவரும், இசைத்தட்டுப் பையோடு இன்னொருவரும் ஒரே லிஃப்டுக்குக் காத்திருப்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

எனக்கு அங்கே பல வருடப் பழக்கம். வாங்கியது கொஞ்சம், கேட்டது நிறைய. எந்தக் கம்பெனி ஸ்பீக்கர் பெட்டி உசத்தி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரு கடையை நம்பலாமா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: பாட்டு ஓடும்போது வால்யூம் குமிழ் யார் கையில் இருக்கிறது?

பெரும்பாலான கடைகளில் அது விற்பவர் கையில் இருக்கும். முதலில் விலை குறைந்த ஆம்ப் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), பிறகு விலை கூடியது. இரண்டாவதில் பாடகி அறைக்குள்ளேயே வந்து நிற்பது போலத் தோன்றும். "வித்தியாசம் தெரிகிறதா சார்?" தெரியாமல் என்ன? ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே போதும். நம் காது அதைச் சத்தம் கூடியதாக எடுத்துக்கொள்ளாது, தெளிவு கூடியதாகத்தான் எடுத்துக்கொள்ளும். வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஆம்ப்களில் குமிழ் ஒரே இடத்தில் நின்றாலும் சத்தம் ஒன்றாக இருக்காது, அவ்வளவுதான். அதனால் போனில் ஒரு சத்தமானி ஆப் வைத்திருக்கிறேன். பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் இரண்டும் 75 டெசிபல் காட்டும்படி சரிசெய்யச் சொல்வேன். இதற்கு முகம் சுளிக்கிற கடை உண்டு. "நல்ல யோசனை" என்று தானே எழுந்து வந்து செய்கிற கடையும் உண்டு. ஒரு கடைக்காரர், "இதெல்லாம் காதில் கேட்க வேண்டியது, போனில் பார்க்க வேண்டியதில்லை" என்றார். அங்கே பிறகு நான் போகவில்லை.

இன்னொரு சங்கதி. கடையில் 85, 90 டெசிபலில் போடுவார்கள். என் வீட்டில் இரவு பத்து மணிக்கு 60-ஐத் தாண்ட முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. சத்தம் குறையக் குறைய நம் காது கீழ் ஸ்தாயியைத்தான் முதலில் இழக்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். கடையில் நெஞ்சை அதிரவைத்த பெட்டி வீட்டில் சோகையாக ஒலிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆகவே டெமோ முடியும்போது குறைந்த சத்தத்தில் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். கடைகளில் ஓடுவது எங்கும் ஒன்றுதான்: டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துடன் ஒரு பெண் குரல், இல்லையென்றால் கைதட்டலோடு தொடங்கும் நேரடி கிதார் கச்சேரி. அந்த ஒலிப்பதிவுகள் எந்தப் பெட்டியிலும் நன்றாகவே இருக்கும். நான் என் பாட்டுகளை எடுத்துப் போகிறேன். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் கட்டாயம் உண்டு. தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், கையை அழுத்தித் தள்ளும்போது ஒலி வழுக்கி மேலேறுமே, சுமாரான ஸ்பீக்கரில் அது வெறும் 'தொம்' என்று முடிந்துவிடும். தம்புராவும் உண்டு. தந்திக்கும் பாலத்துக்கும் நடுவே செருகும் நூல் எழுப்பும் ரீங்காரம் இழையிழையாகப் பிரிந்து கேட்க வேண்டும், கீச்சென்று குத்தக் கூடாது. அப்புறம் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு ஒன்று. "ரெக்கார்டிங் சரியில்லையே சார்" என்பார்கள். உண்மைதான். ஆனால் வீட்டில் தினமும் ஓடப்போவது அதுதானே?

அறையைப் பற்றிக் கேட்கிற கடைக்காரர்கள் அபூர்வம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் என் அறை அகலவாக்கில் 3.4 மீட்டர், நாலு பக்கமும் கான்கிரீட். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே போய்த் திரும்பும் 6.8 மீட்டருக்குச் சுமார் 50 ஹெர்ட்ஸில் ஒரு முழக்கம் எழும். பேஸ் கிதாரின் கீழ் ஜி 49 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து வாசிக்கும். 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஸ்பீக்கர் ஜோடியை வைத்தாலும் இதே கதைதான், சொல்லப்போனால் பெரிய பெட்டி இன்னும் மோசம்.

இதைக் கேட்டு, என் அறையின் படத்தைத் தாளில் வரைந்து பார்த்தவர் ஒரே ஒரு அங்கிள். கூரை வரை பெட்டி அடுக்கிய குறுகலான கடை. 300பி என்ற பழைய பாணிக் கண்ணாடி வால்வில் ஓடும் ஆம்ப் ஒன்றின் மேல் எனக்கு அப்போது தீராத மோகம். அவர் விற்க மறுத்துவிட்டார். என் மனதில் இருந்த ஸ்பீக்கர் எல்எஸ்3/5ஏ. எழுபதுகளில் பிபிசி தன் ஒளிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக வடிவமைத்தது. இடுக்கில் ஒலிக்கவே பிறந்த பெட்டி என்பதால் என் அறைக்குப் பொருத்தம். ஆனால் அதன் உணர்திறன், அதாவது ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் சத்தம், 83 டெசிபல் அளவில்தான். 300பி ஒற்றை வால்வில் கிடைப்பது சுமார் 8 வாட். ஒரு வாட்டிலிருந்து எட்டுக்குப் போனால் கூடுவது 9 டெசிபல் மட்டும். "மிருதங்கம் ஏறும்போது மூச்சு வாங்கும். சூடு வேறு, ஏர்கான் பில் யார் கட்டுவது?" என்றார். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றைக் கையில் கொடுத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு, வார இறுதிக்கு வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். கேபிளைப் பற்றிக் கேட்டேன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும் என்றார். மூன்று மீட்டர் போய்த் திரும்பினாலும் அதன் தடை 0.04 ஓம்தான். கண்ணாடிப் பேழையில் வைத்திருந்த தடித்த கேபிள்கள் யாருக்கு என்றதற்குச் சிரித்தார்.

அந்த ஆம்ப்தான் இன்றும் ஓடுகிறது. ஸ்பீக்கர் பழைய ஜோடி, அவரிடமே வாங்கியது. குரலுக்கும் வயலினுக்கும் இதைவிட எனக்கு ஒன்றும் வேண்டாம். தவில் போட்டால் பாதிதான் வருகிறது, அதை மறைப்பதற்கில்லை. சப்வூஃபர் (கீழ் ஸ்தாயிக்கென்றே தனிப் பெட்டி) சேர்க்கலாம், ஆனால் அந்த 50 ஹெர்ட்ஸ் முழக்கத்தை முதலில் அடக்கியாக வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போகாதீர்கள், பல கடைகள் மதியத்துக்குப் பிறகுதான் களைகட்டும். சனிக்கிழமை கூட்டம், நிம்மதியாக ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்க முடியாது. வார நாளில், முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போனால் தனியாக உட்கார வைப்பார்கள். அறை அளவையும் ஜன்னல் எங்கே என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். கேட்ட அன்றே பணம் கட்டச் சொல்லும் தள்ளுபடிகளுக்கு நான் இதுவரை மசிந்ததில்லை. அடுத்த மாதமும் அதே விலைக்குத்தான் கிடைக்கிறது.