கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியொன்றின் சமூக வாழ்வு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

பள்ளியைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பார்கள், கட்டணத்தைக் கேட்பார்கள், ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்றும் கேட்பார்கள். அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒருவரோடொருவர் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அருட்சகோதரிகள் நடத்தும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் என் மகள் கடைசி ஆண்டு படிக்கிறாள். அப்பள்ளியின் விளக்கக் கையேட்டில் மாணவியரின் ஈடுபாட்டுக்கும் சமூக வாழ்வுக்கும் தனியாக ஒரு பகுதி உண்டு. அதில் வாக்களிக்கப்பட்டவை எந்த அளவுக்கு நடைமுறையில் கிடைக்கின்றன என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் அன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் சில கருத்துகளை வாசகர் அதை மனத்தில் கொண்டு எடைபோட வேண்டும். என் முடிவு இது: மாணவியரை நம்பி ஒப்படைத்த வேலைகளில் இப்பள்ளி மிகச் சிறப்பாக இருக்கிறது, கணக்கு வைத்து வாங்கும் வேலைகளில் சறுக்குகிறது.

முதலில் சிறப்பைச் சொல்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் பொறுப்புகள் பருவத்துக்குப் பருவம் கைமாறுகின்றன. கூச்சமுள்ள பிள்ளையும் ஆண்டில் ஒருமுறையாவது காலை வழிபாட்டை முன்னின்று நடத்தவோ, வகுப்பு நிதியின் வரவுசெலவை எழுதவோ வேண்டியிருக்கிறது. பெண்கள் மட்டுமே படிக்கும் பள்ளி என்பதால் இன்ன வேலை இன்னாருக்கு என்ற பங்கீடு இங்கே தானாக எழுவதில்லை. மேடை அமைப்பது, ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுப்பது, மேசை நாற்காலிகளைச் சுமப்பது, கணினிக் குழுவை நடத்துவது, கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது எல்லாமே பெண்பிள்ளைகளின் வேலை. இருபாலரும் படிக்கும் பள்ளிகளில் கயிறும் ஏணியும் பையன்களின் கைக்கும், கோலமும் வரவேற்புத் தட்டும் பெண்களின் கைக்கும் போய்ச் சேருவதை நாம் பார்த்திருக்கிறோம். என் மகள் பாடகர் குழுவில் சேரப் போய், குரல் தேர்வில் தேறாமல், ஒலி அமைப்புக் குழுவில் சேர்ந்தாள். இன்று ஆண்டு விழாவின் ஒலி முழுவதும் அவள் பொறுப்பில் இருக்கிறது. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் வெளியிலிருந்து வந்த பொறியாளர் அல்லர், மேல்வகுப்பு மாணவி ஒருத்திதான். மூத்தவள் இளையவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் பொறுப்பை விட்டுப் போக வேண்டும் என்ற எழுதப்படாத வழக்கம் இப்பள்ளியின் மிகப் பெரிய சொத்து என்று கருதுகிறேன். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது வேடிக்கை.

சேவைப் பணிகள் அடுத்தவை. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம், மரியாயின் சேனை என்ற பக்தி அமைப்பு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் இளையோர் குழு, சுற்றுச்சூழல் மன்றம் என்று பல அமைப்புகள் இங்கே இயங்குகின்றன. முதியோர் இல்லத்துக்குச் செல்லும் குழுவை நான் அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். அதன் பொறுப்பாளரான சகோதரி இரண்டு விதிகளை வைத்திருக்கிறார். முதலாவது, ஒரு மாணவி ஆண்டு முழுவதும் அதே முதியவரைத்தான் சந்திக்க வேண்டும்; இரண்டாவது, புகைப்படம் எடுக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதி பள்ளியின் விளம்பரத்துக்கு எவ்வளவு இழப்பு என்பதை நினைத்துப் பார்த்தால், அதை விடாமல் காப்பாற்றும் சகோதரியின் உறுதி புரியும். குழுவினர் முதலில் கம்பளி வசூலித்துக் கொடுக்கத்தான் திட்டமிட்டார்கள். ஆனால் சில முறை போய் உட்கார்ந்து பேசிய பிறகு, அங்கிருந்தவர்களுக்குக் கம்பளி போதிய அளவு இருக்கிறது என்பதும், வந்த கடிதங்களைப் படித்துக் காட்டவும் ஓய்வூதியப் படிவங்களை நிரப்பவும் காது கேட்கும் கருவிக்கு மின்கலம் மாற்றவும்தான் ஆள் இல்லை என்பதும் தெரிந்தன. வசூல் கைவிடப்பட்டது. பிள்ளைகள் படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டார்கள்.

இது தற்செயலாக நடந்ததன்று. பெல்ஜியம் நாட்டு அருட்பணியாளர் ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளர்களிடையே வளர்த்தெடுத்த ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்ற முறையை இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் பின்பற்றுகிறது. 1961-ல் திருத்தந்தை (போப்) 23-ஆம் யோவான் தம் சுற்றுமடலில், அதாவது திருச்சபைக்கு எழுதிய பொதுக் கடிதத்தில், இம்முறையைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தார். பார்ப்பது முதலில் வருவதால், கொடுக்கத் துடிக்கும் கை சற்றுப் பொறுத்திருக்க வேண்டியிருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கமும் இதையொட்டியதே. 1833-ல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய தோழர்களும் ஏழைகளுக்கு உதவக் கூடியபோது, எந்த வீட்டுக்குப் போவது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று வழிகாட்டியவர் ரோசலி ராந்தூ என்ற அருட்சகோதரி. மாணவர்கள் கதவைத் தட்டிப் போய் உட்கார்ந்தார்கள். என் மகளின் பள்ளியில் அந்த மரபு உயிரோடு இருப்பதாகவே தோன்றுகிறது, குறைந்தது அந்த ஒரு குழுவிலாவது.

எல்லாக் குழுக்களிலும் அப்படி இல்லை என்பதற்கு ஒரு சிறிய அட்டைதான் காரணம். ஒவ்வொரு மாணவியும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட மணி நேரம் சேவை செய்து, பொறுப்பாசிரியரிடம் கையொப்பம் வாங்கி, அட்டையை நிரப்பிக் கொடுக்க வேண்டும். நிரப்பினால் சான்றிதழ், நிரப்பாவிட்டால் மதிப்பெண் பட்டியலில் ஒரு குறிப்பு. சேவை செய்யாதவர்களையும் செய்யவைப்பதே நோக்கம் என்று நிர்வாகம் விளக்குகிறது, அந்த விளக்கம் தவறன்று. ஆனால் பிள்ளைகள் புத்திசாலிகள். எந்த வேலையில் மணி வேகமாக ஏறும், எந்த ஆசிரியர் கேள்வி கேட்காமல் கையொப்பமிடுவார் என்பதெல்லாம் பருவத் தொடக்கத்திலேயே வகுப்பு முழுவதும் தெரிந்துவிடுகிறது. விளையாட்டு விழாவில் தண்ணீர்க் குடத்தருகே நிற்பதும், மனநலம் குன்றிய பெரியவர் ஒருவர் பேசி முடிக்கும்வரை பொறுமையோடு கேட்டுக்கொண்டிருப்பதும் அட்டையில் ஒரே ஒரு மணியாகத்தான் விழுகின்றன. முதியோர் இல்லக் குழுவின் சகோதரி அட்டையில் கையொப்பமிட மறுத்துவந்தார் என்றும், பெற்றோர் சிலர் முறையிட்ட பிறகே ஒப்புக்கொண்டார் என்றும் கேள்விப்பட்டேன். அந்த முறையீட்டுக்கு ஆதரவாக என்னால் பேச முடியாது.

வளாகத்துக்கு வெளியே போவதில் பள்ளி காட்டும் தயக்கத்தையும் குறிப்பிட வேண்டும். பெரும்பாலான குழுக்களின் பணி மதிற்சுவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது: கீழ்வகுப்புக்குப் பாடம் சொல்லித் தருவது, நூலகத்தில் அடுக்குவது, தோட்டம் போடுவது. வெளியே செல்ல வேண்டுமென்றால் பெற்றோரின் எழுத்து அனுமதி, உடன்வர ஆசிரியர், வாகனம், திரும்பும் நேரம் என்று நிபந்தனைகள் நீளுகின்றன. இவை தேவைதான், பாதுகாப்பில் ஒரு விதியையும் தளர்த்தச் சொல்லமாட்டேன். ஆயினும் இத்தகைய பள்ளிகளைத் தோற்றுவித்த பெண்களின் வரலாறு வெளியே போகும் உரிமைக்கான வரலாறாகவும் இருப்பதை மறக்க முடியவில்லை. 1535-ல் இத்தாலியின் பிரேசியா நகரில் ஆஞ்செலா மெரிச்சி தொடங்கிய உர்சுலா சபையின் பெண்கள் மடத்துக்குள் அடைபடாமல் தத்தம் வீடுகளிலேயே வாழ்ந்தார்கள். பின்னாளில் அவர்களில் பெரும்பாலோர் மடச்சுவருக்குள் கொண்டுவரப்பட்டார்கள். 1609-ல் ஆங்கிலேயப் பெண்ணான மேரி வார்டு தொடங்கிய சபை, பெண்கள் அடைபட்ட வாழ்வின்றி ஊர்கள் தோறும் சென்று கற்பிக்க விரும்பியதால் பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1631-ல் திருத்தந்தையின் ஆணையால் ஒடுக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக நிலைத்த சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைக்க 1877 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மரபிலிருந்து வந்த பள்ளிகள், பிள்ளைகளை வெளியே அனுப்ப இன்னும் ஓர் ஆசிரியரைக் கூடுதலாக ஒதுக்கினால் தகும். இப்போது வெளியே செல்லும் குழுக்களில் இடம் குறைவு, சேர விரும்பும் மாணவியரோ அதிகம்.

மத வாழ்வு பற்றிப் பிற சமயப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. காலை வழிபாடு எல்லோருக்கும் பொது. அதில் ஒரு வாசகம், சிறிது மௌனம், ஒரு பாடல் இருக்கும், பெரும்பாலும் மாணவியரே எழுதிக்கொண்டு வருவார்கள். திருப்பலியில், அதாவது குருவானவர் நிறைவேற்றும் பூசையில், கலந்துகொள்வது பிற சமயத்தாருக்குக் கட்டாயமில்லை, யாரும் என் மகளை வற்புறுத்தியதுமில்லை. கத்தோலிக்க நம்பிக்கையை ஏற்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தொகுப்பே 748-ஆம் விதியில் சொல்கிறது. பள்ளி அதைச் சொல்லளவில் மட்டுமின்றிச் செயலளவிலும் பின்பற்றுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. திருப்பலி நடக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் நூலகத்தில் உட்கார வைக்கப்படுகிறார்கள். பெயர் கூப்பிட்டு, வரிசை பிரித்து அனுப்பும் அந்தச் சில நிமிடங்களில், அதுவரை ஒன்றாக இருந்த வகுப்பு இரண்டாகிறது. பள்ளியின் பாதுகாவலியான புனிதையின் திருவிழா போன்ற பெருநாள்களில் இப்பிரிவு இருப்பதில்லை, ஏனென்றால் அன்று எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. பிற சமயப் பிள்ளைகள் பூ அலங்காரத்திலும் இசைக்கருவியிலும் ஒலி அமைப்பிலும் மனமுவந்து நிற்கிறார்கள். சாதாரண நாள்களிலும் இப்படி ஏதாவது செய்யலாம்.

மேல்வகுப்புகளுக்கு ஆண்டுக்கொருமுறை நடக்கும் தியானத்தைப் பற்றி எனக்குத் தொடக்கத்தில் ஐயம் இருந்தது. கைப்பேசி இல்லாமல், பாடப்புத்தகம் இல்லாமல், தன்னைப் பற்றியும் தன் தோழியரைப் பற்றியும் யோசிக்க விட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வதும், மனத்தாங்கல் இருந்தால் நேரில் பேசித் தீர்ப்பதும் அதன் பகுதிகள். என் மகளுக்கும் அவளுடைய நெருங்கிய தோழிக்கும் இடையே நெடுநாள் நீடித்த பேச்சுவார்த்தையின்மை அங்கேதான் முடிந்தது. கட்டணப் பட்டியலில் இது ‘இதர செலவு’ என்ற தலைப்பில் வருகிறது.

மாணவர் மன்றத்தைப் பொறுத்தவரை ஏமாற்றமே. தேர்தல் உண்டு, வாக்குப்பெட்டி உண்டு, பதவியேற்பு நாளில் மெழுகுவத்தியும் உறுதிமொழியும் உண்டு. ஆனால் வேட்பாளர் பட்டியலை ஆசிரியர்கள் முன்கூட்டியே வடிகட்டிவிடுகிறார்கள். அடக்கமான, நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவியரே மீண்டும் மீண்டும் வருகிறார்கள். கழிவறைகளில் மாதவிடாய் அணையாடை வழங்கும் பொறி வேண்டும் என்று மன்றம் தந்த மனு, பெண்கள் மட்டுமே படிக்கும் பள்ளியில், ஒரு கல்வியாண்டு முழுவதும் அலுவலக மேசையில் கிடந்தது. பின்னர் பொறி வந்தது. எனினும் காலதாமதத்துக்கு யாரும் மன்றத்துக்கு விளக்கம் தரவில்லை. பதக்கம் குத்திக்கொண்டு விருந்தினரை வரவேற்பதற்கும் பொறுப்பேற்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். துணிச்சலுள்ளவர்கள் மன்றத்துக்குப் போட்டியிடாமல் ஒலிக் குழுவுக்கும் முதியோர் இல்லக் குழுவுக்கும் போய்விடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஏழைப் பிள்ளைகள் நடத்தப்படும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அது நன்றாக இருக்கிறது. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பொருள்வளம் இல்லாதவர்களையும் குடும்பத்தின் அரவணைப்பு அற்றவர்களையும் கிறிஸ்தவ நம்பிக்கை இல்லாதவர்களையும் கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்கிறது. இங்கே குழுச் சீருடைக்கும் பயணத்துக்கும் கட்ட முடியாதவர்களுக்குப் பணம் எங்கிருந்தோ கட்டப்பட்டுவிடுகிறது. யாருக்குக் கட்டப்பட்டது என்பது வகுப்புத் தோழியருக்கும் தெரிவதில்லை. சில பள்ளிகளில் உதவி பெறுபவர் மேடையேறி நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கொடுமை இங்கே இல்லை.

சேர்க்கைக்கு முன் பள்ளியைப் பார்க்கச் செல்வோர், கூடத்தில் தொங்கும் கேடயங்களைப் பார்ப்பதைவிட, மேல்வகுப்பு மாணவி ஒருத்தியிடம் அவள் எந்தக் குழுவில் இருக்கிறாள், தனக்குப் பின் யாருக்கு அந்த வேலையைக் கற்றுத்தருகிறாள் என்று கேட்டுப் பார்க்கலாம். மன்றம் கடைசியாக என்ன கேட்டது, அதற்கு என்ன பதில் வந்தது என்பதையும் கேட்கலாம். தயங்காமல் பதில் வந்தால் நல்லது. பெற்றோர் கூட்டத்தில் பேசத் தயங்க வேண்டியதில்லை. ஆசிரியர்கள் பெற்றோரின் கருத்தை மனமுவந்து கேட்க வேண்டும் என்றும், பெற்றோர் சங்கங்கள் அமைக்கப்பட வேண்டும் என்றும் முன்னர் சொன்ன திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 796-ஆம் விதி கூறுகிறது. அட்டை முறையை மாற்றக் கோரி நாங்கள் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மணி நேரத்துக்குப் பதிலாக, ஒரே பணியில் ஆண்டு முழுவதும் நிலைத்திருப்பதைக் கணக்கில் கொள்ளலாம் என்பது எங்கள் கோரிக்கை. பரிசீலிப்பதாகத் தலைமைச் சகோதரி சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு என் இளைய மகளையும் இதே பள்ளியில் சேர்க்கிறேன்.