சாப்டர் 13 திவாலில் ஐஆர்எஸ்ஸின் உத்தேசக் கிளெய்ம்: ரிட்டர்ன் போடுவதா, ஆட்சேபிப்பதா, காத்திருப்பதா?

அமெரிக்காவில் சாப்டர் 13 (நீதிமன்றம் ஏற்கும் திட்டப்படி கடனைத் தவணையாகக் கட்டும் திவால் முறை) மனு போட்டவர் சில வருட வரி ரிட்டர்ன்களைப் போடாமல் விட்டிருந்தால், ஐஆர்எஸ் (மத்திய வரித்துறை) கையிலிருக்கும் டபிள்யூ-2 (சம்பளம்), 1099 (மற்ற வரவு) படிவங்களை வைத்து ஒரு தொகையைக் கணித்து நீதிமன்றத்தில் கிளெய்ம் (தனக்கு வர வேண்டிய கடன் என்ற கோரிக்கை) தாக்கல் செய்யும். சுயதொழிலாளிக்கு இது பெரிய அடி. 1099-ல் 80,000 டாலர் வரவு இருந்தால் அத்தனையும் லாபமாகவே ஏறும். வேன், கருவி, கூலி என்று 50,000 போனது அவர்களுக்குத் தெரியாது.

அப்படியே விட்டுவிடுவதுதான் மிக மோசமான வழி. சாதாரணக் கடன்களுக்கு முன் நிற்கும் ‘முன்னுரிமை’ வரிக்கடனைத் திட்டக் காலத்துக்குள் முழுதாகக் கட்டியாக வேண்டும். உண்மை வரி 9,000, கிளெய்ம் 30,000 என்றால், 60 மாதத் திட்டத்தில் மாதம் 150 கட்ட வேண்டியவர் 500 கட்டுவார். தவணையை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பகிரும் டிரஸ்டியின் கமிஷன் தனி. அதோடு திவால் சட்டத்தின் 1308-ஆம் பிரிவு மீறப்படுகிறது: மனுத் தேதிக்கு முந்தைய 4 ஆண்டுகளில் முடிந்த வரிக்காலங்களின் ரிட்டர்ன்கள் எல்லாம், மாநில வரி உட்பட, கடன் கொடுத்தவர்கள் கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதிக்கு முந்தைய நாளுக்குள் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் திட்டத்துக்கு ஒப்புதல் கிடையாது; யாராவது கேட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யவோ சாப்டர் 7-க்கு (சொத்தை விற்றுக் கடன் தீர்க்கும் முறை) மாற்றவோ வேண்டியதுதான்.

ரிட்டர்ன் போட்டுவிட்டு, ஐஆர்எஸ்ஸே கிளெய்மைத் திருத்தட்டும் என்று விடுவது பெரும்பாலான வழக்குகளுக்குச் சரி. செலவும் குறைவு. கெடுவதெல்லாம் அனுப்பும் விதத்தில்தான். வழக்கமான செயலாக்க மையத்துக்கு மட்டும் அனுப்பினால், கிளெய்மைக் கையாளும் திவால் பிரிவு அலுவலருக்கு அது போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகலாம். கிளெய்ம் படிவத்தில் உள்ள முகவரிக்கே கையெழுத்திட்ட பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூட்டு ரிட்டர்னில் இருவர் கையெழுத்தும் வேண்டும். மின்தாக்கல் நடப்பு ஆண்டுக்கும் முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும்தான். அதற்கு முந்தையவை காகிதத்தில். வருமானம் வரம்புக்குக் கீழே என்றால் ரிட்டர்ன் தேவையில்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மௌனம் போதாது. நேரம் போதவில்லையா? கடன் கொடுத்தவர்கள் கூட்டத்தை டிரஸ்டி முடிக்காமல் 120 நாள் வரை திறந்து வைக்கலாம். ‘முடிந்தது’ என்று அவர் அறிவிக்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

ஆட்சேபணை மனு (திவால் நடைமுறை விதி 3007) இதற்கு மாற்று என்று நினைப்பது தவறு. ஆட்சேபித்தாலும் 1308 கடமை நிற்கும். முறைப்படி போட்ட கிளெய்ம் முதல் பார்வையில் சரி என்றே கொள்ளப்படும். வரிச் சட்டத்தில் நிரூபிக்கும் சுமை யார்மேல் இருக்கிறதோ, திவால் நீதிமன்றத்திலும் அவர்மேல்தான் என்று 2000-இல் ராலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரிட்டர்ன் இல்லாமல் வெறும் மறுப்போடு போனால் தோற்பது எளிது. ரிட்டர்ன் போன பிறகும் திருத்தம் வராவிட்டாலோ, பழைய வருடத்தை ‘முன்னுரிமை’ என்று குறித்திருந்தாலோ இந்த ஆயுதம் வெட்டும். 30 நாள் அறிவிப்பு கட்டாயம். அட்டர்னி ஜெனரலுக்கும் மாவட்ட யு.எஸ். அட்டர்னிக்கும் மனுவின் பிரதியை முறைப்படி சேர்ப்பிக்காமல் பெற்ற உத்தரவு நிலைக்காது.

பழைய வருடங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மனுத் தேதிக்குள் ரிட்டர்ன் கெடு முடிந்து 3 ஆண்டுக்கு மேலானால், போடாத வருடத்தின் வரி பொதுவாக முன்னுரிமையற்ற கடனாகிவிடும். திட்டத்தில் டாலருக்குச் சில சென்ட் கட்டினால் போதும். நிம்மதி என்று தோன்றும். ஆனால் திவால் சட்டத்தின் 523(a)(1)(B) பிரிவு அதை விடுவிப்பிலிருந்து (திட்டம் முடிந்ததும் மிச்சக் கடன் ரத்தாவது) விலக்குகிறது. ஐந்து வருடம் கட்டி முடித்ததும் மிச்சம் வட்டியோடு திரும்பி வரும். மனுவுக்குப் பின் அவசரமாக ரிட்டர்ன் போட்டாலும் இது மாறாது.

அப்படிப்பட்டவருக்கு நான்காம் வழி: ரிட்டர்னை முதலில் போட்டு, 2 ஆண்டுக்கு மேல் கழித்து மனு. அப்போது அந்த வரியும் விடுவிப்பில் சேர வாய்ப்புண்டு. நடுவில் ஐஆர்எஸ் சம்பளத்தைப் பிடிக்கலாம், லியன் (சொத்தின் மேல் அடமானம் போன்ற உரிமை) பதியலாம்; லியன் பதிந்தால் கடன் சொத்தோடு ஒட்டிக்கொள்ளும். டெக்சாஸ், கொலராடோ, மாசசூசெட்ஸ் மாநிலங்கள் உள்ள மேல்முறையீட்டு வட்டாரங்களில் தாமத ரிட்டர்னை ‘ரிட்டர்ன்’ என்றே ஏற்பதில்லை (மக்காய், மாலோ, ஃபாஹி தீர்ப்புகள்). அதனால் டெக்சாஸில் உள்ள டல்லாஸ்காரருக்குக் காத்திருப்பதில் பலனில்லை. இந்த வட்டாரங்களில் சேராத கலிபோர்னியாக்காரர் வழக்கறிஞரிடம் கேட்டுப் பார்க்கலாம்.