லண்டனில் இருந்து வந்த எல்டர்பெரி பாணி: ஒரு மாரி முழுக்கப் பாவித்த பிறகு

போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சின்னம்மா, சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் இரண்டு போத்தல் எல்டர்பெரி பாணியும், ஒரு பை காய்ந்த எல்டர்பெரிப் பழமும் கொண்டு வந்தார். "தடிமன், காய்ச்சல் வந்தால் இதிலே ஒரு கரண்டி குடியுங்கோ, அங்கே எல்லாரும் இதைத்தான் குடிக்கினம்" என்று சொல்லி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது இதே சாமான் யாழ்ப்பாண நகரக் கடைகளிலும் வருகிறது, வெளிநாட்டுச் சொந்தங்களின் பெட்டிகளிலும் வருகிறது, அதனால் ஐப்பசி தொடங்கித் தை வரை எங்கள் வீட்டில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரியவர்களின் சாதாரணத் தடிமனுக்கு இது பரவாயில்லை. மாரி காலத்துக் காய்ச்சலுக்கு இதைத் தொடவே வேண்டாம்.

சரி, சாமானைப் பற்றி. 120 மில்லிலீட்டர்ப் போத்தல், கறுப்புக்குக் கிட்டின ஊதா நிறம். நாவற்பழம் தின்றால் நாக்கு எப்படி இருக்குமோ அப்படியே ஆக்கிவிடும், ருசியும் கிட்டத்தட்ட நாவற்பழத்தையும் கறுப்பு முந்திரிகையையும் சேர்த்துக் காய்ச்சின மாதிரித்தான், துவர்ப்புக் குறைவு, இனிப்பு மிக அதிகம். சேர்மானங்களில் முதலாவதாகக் குளுக்கோஸ் பாணிதான் போட்டிருக்கிறது, பழச்சாறு அதற்குப் பிறகுதான் வருகிறது. சீனி வருத்தம் உள்ள அப்பாவுக்கு இதனாலேயே கொடுக்கவில்லை. லேபிளில் 'சம்புகஸ் நைக்ரா' என்று தாவரப் பெயர் தெளிவாக இருந்தது, அது நல்ல விஷயம், ஏனென்றால் மருந்தாகப் பேசப்படுகிற கறுப்பு எல்டர் அதுதான். ஐரோப்பாவில் வேலியோரம் தானாக முளைக்கிற மரம், ஆவணி புரட்டாதியில் பழுக்கும் என்று சின்னம்மா சொன்னார். எங்கள் மண்ணில் இல்லை. குலைகுலையாகக் கறுப்பாகத் தொங்கும் படத்தைப் பார்த்துவிட்டு இது மணித்தக்காளிதானே என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். இல்லை, இரண்டும் வேறு குடும்பம், ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குப் பொருந்தாது.

ஐப்பசியில் முதல் மழையோடு எனக்குத் தடிமன் வந்தது. மூக்கு அடைப்பு, தொண்டை அரிப்பு, காய்ச்சல் இல்லை. லேபிளில் போட்டபடி நாளுக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலீட்டர் குடித்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது உண்மை, இரவில் இருமல் குறைந்ததும் உண்மை. ஐந்து நாளில் மாறியது. அடுத்த தடிமன் கார்த்திகைக் கடைசியில் வந்தபோது பாணி குடிக்காமல் மல்லி, வேர்க்கொம்பு, மிளகு போட்டு அவித்த தண்ணியும், இரவில் நொச்சி இலை போட்டு ஆவியும் மட்டும் பிடித்தேன், அதுவும் ஐந்தாறு நாளில் மாறியது. ஒரு ஆளின் இரண்டு தடிமனை வைத்து ஒரு மருந்தை நிறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் ஆய்வுகளையும் தேடிப் பார்த்தேன்.

2004 இல் வெளியான நோர்வே ஆய்வைத்தான் விற்பவர்கள் எல்லாரும் காட்டுகிறார்கள். இன்புளுவென்சா அறிகுறி இருந்த 60 பேரில் எல்டர்பெரி குடித்தவர்களுக்குச் சராசரியாக நான்கு நாள் முன்னதாகச் சுகமானது. ஆனால் அவர்கள் குடித்தது ஒரு தடவைக்கு 15 மில்லிலீட்டர், நாளுக்கு நான்கு தடவை, ஐந்து நாள். அதாவது நாளுக்கு 60 மில்லிலீட்டர். என் போத்தலை அந்தக் கணக்கில் குடித்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும், ஐந்து நாளுக்கு இரண்டரைப் போத்தல் வேண்டும். நகரத்தில் ஒரு கடையில் இதே அளவுப் போத்தல் 6,500 ரூபாய் சொன்னார்கள். லேபிள் சொல்கிற 10 மில்லிலீட்டரைக் குடித்துவிட்டு அந்த ஆய்வின் பலனை எதிர்பார்ப்பது சரிவராத கணக்கு. 2016 இல் அவுஸ்திரேலியாவில் இருந்து விமானப் பயணம் போன 312 பேரை வைத்துச் செய்த ஆய்வில், எல்டர்பெரி எடுத்தவர்களுக்குத் தடிமன் வருவது பெரிதாகக் குறையவில்லை, வந்தவர்களுக்கு அது நீடித்த நாட்களும் கடுமையும் குறைந்தன. பிறகு 2020 இல் அமெரிக்காவில் இன்புளுவென்சா உறுதியான 87 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பலனும் தெரியவில்லை. இந்த மூன்றாவதைக் கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார். எல்லாம் சின்ன ஆய்வுகள்தான், ஆனால் சொல்வதென்றால் மூன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது அந்தக் காய்ந்த பழம். பையில் வேறு குறிப்பு எதுவும் இல்லை, நான் பிளேன்டீ மாதிரி நினைத்து ஒரு கைப்பிடியைச் சுடுதண்ணியில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, அடியில் கிடந்த பழத்தையும் சப்பித் தின்றேன். ஒரு மணித்தியாலத்தில் வயிற்றைப் பிரட்டி இரண்டு தடவை சத்தி, அன்று பின்னேரம் வரை வயிற்றோட்டம். எல்டர் மரத்தின் இலை, தண்டு, பட்டை, விதை, பச்சைக் காய் எல்லாவற்றிலும் உடலில் சயனைட்டை வெளிவிடக்கூடிய பொருள் இருக்கிறது, பழுத்த பழத்திலும் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் மரவள்ளிக்கிழங்கில் இருப்பதும் இதே வகைதான். மரவள்ளியை மூடாமல் அவிக்க வேண்டும், இஞ்சியோடு சேர்க்கக்கூடாது என்று ஊரில் எவ்வளவு கவனம் சொல்லித் தருகிறார்கள், அதே மரவள்ளியின் தூரத்துச் சகோதரம் மாதிரி ஒரு பழத்தை ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பையில் கட்டி விற்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம். 1983 இல் கலிபோர்னியாவில், காட்டு எல்டர்பெரியை இலை தண்டோடு நசுக்கிச் சாறு எடுத்துக் குடித்த ஒரு கூட்டத்தில் 11 பேருக்குக் கடும் சத்தி வந்து, எட்டுப் பேரை ஹெலிகொப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், எல்லாரும் தப்பிவிட்டார்கள்.

காய்ந்த பழம் யாராவது அனுப்பியிருந்தால் ஒரு கோப்பைப் பழத்துக்கு நான்கு கோப்பைத் தண்ணி விட்டு, நன்றாகக் கொதிக்க வைத்து, பிறகு மூடாமல் முக்கால் மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் விடுங்கள். துணியில் வடித்து விதையையும் சக்கையையும் எறிந்துவிடுங்கள். ஆறின பிறகு தேன் சேர்க்கலாம், அப்படித் தேன் சேர்த்ததை ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் காய்ச்சி விற்கிறவர்களிடமும் ஒரு போத்தல் வாங்கிப் பார்த்தேன், யார் என்று எழுதப் போவதில்லை. திகதி இல்லை, அளவு இல்லை, "எல்லா வருத்தத்துக்கும்" என்று மட்டும் ஒட்டியிருந்தது. இரண்டு முறை நீண்ட நேரம் கரண்ட் நின்ற கிழமையில் பிரிட்ஜுக்குள் இருந்தபடியே மூடி வீங்கிவிட்டது, திறந்தால் சோடா மாதிரி நுரை, கள் வாசம். கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிட்டேன்.

இனி அம்மாவின் விஷயம். அம்மாவுக்கு எட்டு வருடமாக மூட்டுவாதம், கிளினிக்கில் கிழமைக்கு ஒரு தடவை மெதோட்ரெக்சேட் குளிசை எடுக்கிறார். தடிமன் வராமல் தடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எங்களுக்குச் சொல்லாமலே மூன்று கிழமையாகத் தினமும் காலையில் ஒரு கரண்டி குடித்து வந்திருக்கிறார். கிளினிக்கில் எதேச்சையாக அதைச் சொன்னபோது டொக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அம்மாவின் வருத்தமே உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவதுதான், அதை அடக்கத்தான் அந்தக் குளிசை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று சொல்லி விற்கிற ஒன்றை அதோடு சேர்த்துக் குடிப்பது ஒரு பக்கம் அணைத்து மறுபக்கம் ஊதுகிற மாதிரி என்று அவர் விளங்கப்படுத்தினார். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிற இன்னொரு வருத்தமான லூபஸ் உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும் இதே கதைதான். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பாதுகாப்பானது என்று காட்டப் போதிய ஆய்வு இல்லை, அவர்கள் கேட்காமல் தொட வேண்டாம். இயற்கைச் சாமான்தானே, டொக்டரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் அம்மா நினைத்தார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள், பாணியோ சூரணமோ எதுவானாலும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் அக்காவின் மகன்தான். ஒன்பது வயது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. அக்கா பனடோலும் எல்டர்பெரி பாணியும் கொடுத்தார், பிள்ளைக்கு இனிப்புப் பிடித்ததால் அடிக்கடி கேட்டான், அவரும் கொடுத்தார். திங்கள் காய்ச்சல் இறங்கி ஏறியது. பாணி வேலை செய்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டோம். செவ்வாய் இரவு சத்தி எடுத்தான், கடும் மண்ணிறத்தில், பார்த்தவுடன் அக்கா கத்தின கத்து இன்னும் காதில் நிற்கிறது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "சிவப்பாகவோ மண்ணிறமாகவோ ஏதும் குடித்தவரா?" பாணியைப் பற்றிச் சொன்னோம். டெங்குக் காய்ச்சலில் உள்ளே இரத்தம் கசிந்தால் சத்தி அந்த நிறத்தில்தான் வரும், அதனால்தான் காய்ச்சல்காரருக்குச் சிவப்பு, மண்ணிறப் பானங்கள் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள். இரத்தமா பாணியா என்று தெரியாத அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் வார்ட் வாசலில் நின்றோம். பாணிதான். ஆனால் டெங்குவும்தான், இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் இறங்கத் தொடங்கியிருந்தது. ஐந்து நாள் வார்ட்டில் வைத்துப் பார்த்துச் சுகமாக அனுப்பினார்கள்.

பாணி அவனுக்கு டெங்குவைக் கொடுக்கவில்லை, கூட்டவும் இல்லை. அது செய்தது, எங்களை இரண்டு நாள் வீட்டில் இருக்க வைத்தது. லண்டனில் குளிர்காலக் காய்ச்சல் என்றால் பெரும்பாலும் தடிமன், இன்புளுவென்சா, அங்கே இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம். இங்கே வடகீழ்ப் பருவமழையோடு வருவது டெங்கு, வயல் வெள்ளத்தோடு வருவது எலிக்காய்ச்சல். 2024 மார்கழியில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சலில் ஆட்கள் இறந்தது யாருக்கும் மறந்திருக்காது. இரண்டையும் எந்தப் பழச்சாறும் நிறுத்தாது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தம் சோதிக்க வேண்டும், அதற்கு முன்பே வயிற்று நோவோ விடாத சத்தியோ வந்தால் அந்த நேரமே போக வேண்டும். குடிக்கக் கொடுப்பதென்றால் கஞ்சி, இளநீர், ஜீவனி (தண்ணியில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்).

இரண்டாவது போத்தல் இன்னும் பாதி இருக்கிறது. திறந்தால் பிரிட்ஜில் வைத்து லேபிளில் சொன்ன கிழமைக்குள் முடிக்க வேண்டும், எங்கள் வெக்கைக்கு அலுமாரித் தட்டு சரிவராது. மூடியில் திறந்த திகதியும், "காய்ச்சலுக்கு இல்லை, அம்மாவுக்கு இல்லை, அப்பாவுக்கு இல்லை" என்றும் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன கிழமை சின்னம்மா வட்ஸ்அப்பில் இன்னும் நாலு போத்தல் அனுப்பட்டோ என்று கேட்டார். வேண்டாம் சின்னம்மா, அந்தக் காசுக்கு ஒரு நல்ல டிஜிட்டல் காய்ச்சல்மானியும், பிள்ளைகளுக்கு நுளம்பு கடிக்காமல் பூசுகிற கிறீமும் அனுப்புங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.