கடலோரப் புது வீடு: கான்கிரீட் அருமை, கைப்பிடி மோசம்

கடலைப் பார்த்த புது வீட்டில் குடியேறி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பால்கனியிலிருந்து தெரியும் காட்சி விளம்பரப் படத்தைவிட அழகு, அதில் குறையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கட்டுமானம். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால்தான் கடலோர வீடுகளில் கூரை வெடித்துக் காரை உதிர்கிறது. கம்பிக்கு வெளியே எவ்வளவு தடிமனில் கான்கிரீட் விட்டார்கள் என்று கேட்டேன். கம்பி கட்டியபோது எடுத்த படங்களையும் அளவுகளையும் கட்டுநர் தயங்காமல் காட்டினார். இப்படிக் காட்டுபவரிடம் நம்பி வாங்கலாம்.

ஆனால் பால்கனிக் கைப்பிடி! 304 ரக எவர்சில்வர் போட்டிருக்கிறார்கள், ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. உப்புக்காற்றுக்கு மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம்தான் வேண்டும். அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் ரக எண்ணையே எழுதி வாங்குங்கள், 'உயர்தரம்' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் நகரும் கண்ணாடிக் கதவு. காற்றோடு மழை அடித்தால் கீழ்த்தடத்தில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் துளைகளை மணல் அடைத்துவிடுகிறது. ஏசியின் வெளி யூனிட்டும் நேராகக் கடலைப் பார்த்தே இருந்தது. கேட்டதும் பக்கச் சுவருக்கு மாற்றித் தந்தார்கள். கைப்பிடிக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.